மன்னர் பைஸல்: இரவல் சிம்மாசனத்தில் ஒரு தேசியவாதி



இன்றைய உரையின் பொருள், ஈராக் நாட்டின் முதல் மன்னரும் இருபதாம் நூற்றாண்டு அறபுத் தேசியத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவருமான முதலாம் பைஸலின் வாழ்க்கையாகும். 1885 இல் பிறந்து 1933 இல் மறைந்த அம்மன்னர், தமது 48 ஆண்டு வாழ்நாளுக்குள் ஒரு பேரரசுக்கு எதிராகப் போர் நடத்தினார். இரண்டு நாடுகளுக்கு மன்னரானார். அவற்றுள் ஒன்றிலிருந்து துரத்தப்பட்டார். மற்றதை அந்நியர் கையிலிருந்து ஏற்று, அதே அந்நியரிடமிருந்து அதனை விடுவிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். மக்காவுக்கும் டமஸ்கஸுக்கும் பக்தாதுக்கும் உரிய இந்தக் கதையை மட்டக்களப்பு வாவிக்கரையில் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று கேட்கத் தோன்றலாம். அக்கேள்விக்கு விடை இலங்கைத் தீவின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. பிரித்தானியப் பேரரசை எதிர்த்த அறபுத் தலைவர்களை அடைத்துவைக்கும் இடமாக இத்தீவு பயன்பட்டது. பைஸல் ஈராக்கின் சிம்மாசனத்தில் அமர்வதற்கு வழிவிடும் பொருட்டு அவருடைய போட்டியாளர் ஒருவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் இத்தீவுக்கே. ஆகவே பைஸலின் கதையை இலங்கையிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதன்று.

பைஸல் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1883 ஜனவரியில், 'மரியோட்டிஸ்' என்னும் கப்பல் ஏழு எகிப்தியத் தலைவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களுள் முதன்மையானவர், நம் நாட்டில் அறபி பாஷா என்றும் ஒறாபி பாஷா என்றும் அறியப்படும் அஹ்மத் உறாபி ஆவார். பாஷா என்பது உஸ்மானியப் பேரரசு உயர்பதவியாளருக்கு வழங்கிய பட்டம். நைல் கழிமுகத்துக் கிராமமொன்றில் 1841 இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அல்-அஸ்ஹரில் பயின்று, படையில் சேர்ந்து, கேணலாக உயர்ந்த அவர், எகிப்தை ஆண்ட கெதீவ், அதாவது உஸ்மானிய சுல்தானின் பெயரால் பரம்பரையாக ஆட்சி நடத்திய ஆளுநர், ஐரோப்பியக் கடன்காரர்களின் பிடியில் சிக்கி, சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளையே 1875 இல் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்றுவிட்ட காலத்தில், மக்கள் பிரதிநிதிகள் சபை வேண்டும், யாப்பு வேண்டும் என்று குரலெழுப்பியவர். 1881 செப்டெம்பர் 9 ஆம் நாள், கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனை முன்றலில், படைகள் பின்னே நிற்க, அப்போதைய கெதீவின் எதிரே நேருக்குநேர் நின்று இக்கோரிக்கைகளை முன்வைத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தது; செப்டெம்பர் 13 அதிகாலையில் தெல்-எல்-கபீர் என்னுமிடத்தில் உறாபியின் படை ஒரு மணி நேரத்துக்குள் சிதறியது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. நாடுகடத்தும் இடம் எது? இலங்கை.

இத்தீவில் முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த உறாபியின் வருகை, இங்குள்ள முஸ்லிம் மக்களின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்ததை எவரும் மறுக்கவியலாது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை, உறாபி வந்திறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, 1882 டிசம்பரில், 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். ஆங்கிலக் கல்வியைத் தங்கள் சமயத்துக்கு ஆபத்து எனக் கருதி ஒதுங்கியிருந்த சமூகத்தை நவீனக் கல்விக்கு அழைத்துவர முயன்ற அவருக்கு, அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு முஸ்லிம் தளபதியே பக்கத்தில் நின்று ஆதரவளித்தது பெரும் பலமாயிற்று. 1892 இல் கொழும்பு மருதானையில் தொடங்கப்பட்டு இன்று ஸாஹிரா கல்லூரியாக விளங்கும் பாடசாலையின் தோற்றத்தில் சித்திலெப்பை, கட்டடக் கலைஞரான வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் பெயர்களுடன் உறாபியின் பெயரும் இணைந்திருக்கிறது. இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் சித்திலெப்பையின் கையிலிருந்து வந்தபோது, அதன் கதாநாயகன் எகிப்தில் பிறந்தவனாக அமைந்ததைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியுமா? அறபு நாட்டின் அரசியல், தமிழ் உரைநடையின் தொடக்க காலத்திலேயே அதற்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. துருக்கித் தொப்பி இத்தீவில் பரவியதற்கும் இந்த எகிப்தியர்களே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அத்தொப்பியை அணிந்து நீதிமன்றில் தோன்றும் உரிமை மறுக்கப்பட்டபோது, 1905 இல் நாடெங்கும் முஸ்லிம்கள் திரண்டெழுந்து கூட்டங்கள் நடத்தி அவ்வுரிமையைப் பெற்றனர்.

உறாபியுடன் வந்த அறுவருள் மஹ்மூத் சாமி அல்-பாரூதி, நவீன அறபுக் கவிதையின் புத்தெழுச்சிக்கு வித்திட்டவராகப் போற்றப்படுபவர். அவருடைய புகழ்பெற்ற கவிதைகள் பல இத்தீவில் இருந்தபோது பிறந்தவை. பார்வையிழந்த நிலையில் அவர் 1899 இல் தாயகம் திரும்பினார். உறாபி 1901 இல் மன்னிப்புப் பெற்றுத் திரும்பி, பத்து ஆண்டுகளின் பின் 1911 இல் மறைந்தார். அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் பஹ்மி, யாகூப் சாமி ஆகியோர் திரும்பவே இல்லை. அவர்களுடைய உடல்கள் இந்த மண்ணிலேயே அடங்கின.

உறாபியைப் பற்றி இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. அறபு நிலத்தில் அந்நியரை எதிர்த்து எழுந்த தலைவனுக்கு இரண்டு பாதைகள் திறந்திருந்தன. பேரரசுக்கு நேரெதிரே நின்று தோற்று நாடுகடத்தப்படுவது ஒரு பாதை. பேரரசுடன் உட்கார்ந்து பேசி, அது கொடுத்ததை ஏற்று, அதற்குமேல் கேட்பது மற்றப் பாதை. முதலாவதில் நடந்தவர் உறாபி. இரண்டாவதில் நடந்தவர் பைஸல். முதலாவது பாதையில் நடந்தவனை மக்கள் எளிதில் வீரன் என்பார்கள். இரண்டாவதில் நடந்தவனைக் கைக்கூலி என்று சொல்லவும் தயங்கமாட்டார்கள். அப்பழிச்சொல் பைஸலுக்குத் தகுமா என்பதே இவ்வுரை ஆராயும் வினா.

பைஸல் பிறந்த குடும்பம் ஹாஷிமிகளின் குடும்பம்; நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல்களாக, ஷரீப்கள் என்னும் மதிப்புப் பெயருடன் மக்காவின் புனிதத் தலங்களைக் காத்துவந்த குடும்பம். தந்தை ஹுஸைன் இப்னு அலி. அவருடைய மைந்தர்களுள் மூன்றாமவர் பைஸல். அக்காலப் பெருங்குடும்பங்களின் வழக்கப்படி குழந்தைப் பருவத்தில் பாலைவன நாடோடிக் குலத்தாரிடம் வளர்க்கப்பட்ட அவர், எட்டு வயதளவில் தலைநகர் இஸ்தன்பூலுக்குச் சென்றார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அவருடைய தந்தையை அங்கே அழைத்துவைத்துக் கண்காணித்ததே அதற்குக் காரணம். அறபு இளவரசர் ஒருவர் துருக்கிய மொழியிலும் அரசவை நடைமுறையிலும் தேர்ந்தது இவ்வாறுதான். 1908 இல் இளந்துருக்கியர் என்னும் சீர்திருத்தக் கட்சியினர் புரட்சி செய்தபின் ஹுஸைன் மக்காவின் அமீராக நியமிக்கப்பட்டார். 1913 இல் பைஸல் ஜித்தாவின் பிரதிநிதியாக உஸ்மானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். பிற்காலத்தில் அவர் காட்டிய பொறுமையும், எதிரியின் முகத்தை வாசிக்கும் திறனும் பாலைவனத்தில் கற்றவை மட்டுமல்ல. பாராளுமன்ற மண்டபத்திலும் கற்றவை.

முதலாம் உலகப்போர் தொடங்கி, உஸ்மானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தபோது, பைஸல் 1915 இல் டமஸ்கஸ் சென்று, அறபு அதிகாரிகளும் படித்த இளைஞர்களும் இரகசியமாக நடத்திய சங்கங்களைச் சந்தித்தார். தனி அறபு நாடு ஒன்றின் எல்லைகளை வரைந்த ஆவணமொன்றை அச்சங்கத்தார் அவரிடம் கையளித்தனர். எகிப்தில் இருந்த பிரித்தானிய உயர் ஆணையாளர் சேர் ஹென்றி மக்மஹோனுக்கும் ஷரீப் ஹுஸைனுக்கும் இடையில் 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை நடந்த கடிதப் போக்குவரத்தில் அந்த எல்லைகளே கோரிக்கையாயின; துருக்கியருக்கு எதிராக எழுந்தால் அறபு விடுதலையைப் பிரித்தானியா ஆதரிக்கும் என்னும் உறுதிமொழி, பல விலக்குகளுடனும் பல மழுப்பல்களுடனும் எழுதித் தரப்பட்டது. 1916 மே 6 ஆம் நாள், துருக்கியத் தளபதி ஜமால் பாஷா டமஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அறபுத் தேசியவாதிகளைப் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார். பைஸல் அப்போது டமஸ்கஸிலேயே இருந்தார். மறுமாதம் அறபுப் புரட்சி வெடித்தது.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். அந்தப் புரட்சியை உலகின் எல்லா முஸ்லிம்களும் வரவேற்கவில்லை. இந்தியாவின் கிலாபத் இயக்கத்தார், கலீபாவாகிய சுல்தானுக்கு எதிராகக் கிறிஸ்தவப் பேரரசொன்றுடன் கைகோத்த துரோகமாகவே அதனைக் கண்டனர். டமஸ்கஸிலிருந்து மதீனா வரை 1908 இல் ஓடத் தொடங்கிய ஹிஜாஸ் புகையிரதப் பாதை, உலக முஸ்லிம்களின் நன்கொடையையும் சேர்த்துக் கட்டப்பட்டது. அதே தண்டவாளங்களையே பைஸலின் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். இதைக் கேட்டு மனம் கசந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? எனினும், தூக்குமேடைகளைக் கண்ணால் கண்ட தலைமுறையிடம் பொறுமையாக இரு என்று தொலைவிலிருந்து சொல்வதும் எளிதல்லவா?

பாலைவனப் போரைப் பற்றிய பேச்சு வந்தால் உலகம் உடனே பிரித்தானிய அதிகாரி கேணல் லோரன்ஸின் பெயரைச் சொல்கிறது. 1962 இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' என்னும் திரைப்படம் அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்திவிட்டது. அதில் பைஸலாக நடித்தவர் அலெக் கின்னஸ் என்னும் ஆங்கில நடிகர். வெடிமருந்தும் தங்க நாணயங்களும் ஆலோசனையும் பிரித்தானியரிடமிருந்து வந்தன என்பது உண்மை. ஆனால் ஒன்றையொன்று வெட்டி மடிந்த குலங்களை ஒரே கொடியின் கீழ் ஆண்டுக்கணக்கில் கட்டிவைத்தது யார்? பழைய இரத்தப் பழிகளுக்கு இரவிரவாக மத்தியஸ்தம் பேசியது யார்? அகபா 1917 ஜூலையில் வீழ்ந்தது. டமஸ்கஸ் 1918 ஒக்டோபர் தொடக்கத்தில் வீழ்ந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட பதினைந்து மாதங்களில் அந்தப் படை கலைந்துபோகாமல் நின்றதே பைஸலின் உண்மையான வெற்றி.

டமஸ்கஸில் அறபுக் கொடி பறக்கத் தொடங்கும் முன்னரே அந்த நிலம் காகிதத்தில் பங்கிடப்பட்டுவிட்டது. 1916 மே மாதத்திலேயே பிரித்தானியாவும் பிரான்சும் சைக்ஸ்-பிக்கோ உடன்படிக்கை எனப்படும் இரகசிய ஒப்பந்தத்தால் உஸ்மானிய நிலங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. 1917 இல் ரஷ்யப் புரட்சியாளர் அதனை உலகறிய வெளியிட்டனர். அதே ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், பலஸ்தீனில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைப்பதை ஆதரிக்கும் பல்போர் பிரகடனம் வெளிவந்தது. ஒரே நிலம்; மூன்று வாக்குறுதிகள். 1919 இல் பரிஸ் சமாதான மாநாட்டுக்கு, மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸின் பிரதிநிதியாகச் சென்ற பைஸல், அறபு உடையில் நின்று தம் மக்களின் உரிமையைக் கேட்டார். அந்த மாநாட்டுக்குச் சற்று முன்னர், சியோனிசத் தலைவர் வைஸ்மனுடன் அவர் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார். அறபு விடுதலை முழுமையாக நிறைவேறினால் மாத்திரமே இது செல்லும் என்று தம் கையாலேயே அதில் ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்த்தார் என்றாலும், அக்கையொப்பம் பலஸ்தீன மக்களின் மனத்தில் ஆறாத காயமாகியது. அவருடைய வாழ்க்கையில் பாதுகாத்துப் பேச முடியாத செயல் ஒன்று உண்டென்றால் அது இதுவே. அங்கு வாழ்ந்த மக்களைக் கேளாமல் அவர்களுடைய நிலத்தைப் பற்றி உடன்படும் உரிமையை எவரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

1920 மார்ச் 8 ஆம் நாள் டமஸ்கஸில் கூடிய சிரியப் பொதுக் காங்கிரஸ், சிரியாவைச் சுதந்திர நாடாகவும் பைஸலை அதன் மன்னராகவும் பிரகடனம் செய்தது. அந்தச் சிம்மாசனம் மக்கள் சபை ஒன்று விரும்பிக் கொடுத்த சிம்மாசனம். எவரிடமும் இரவல் வாங்கியதன்று. அது நீடித்ததோ ஐந்து மாதங்கள்கூட இல்லை. ஏப்ரலில் சான் ரேமோ மாநாடு சிரியாவைப் பிரான்சுக்கும், ஈராக்கையும் பலஸ்தீனையும் பிரித்தானியாவுக்கும் பொறுப்பாட்சி நிலங்களாக ஒதுக்கியது. பொறுப்பாட்சி என்பது, தம்மைத் தாமே ஆளும் பக்குவம் இன்னும் அடையாத மக்கள் என்று வல்லரசுகள் கருதியோரை, அந்தப் பக்குவம் வரும்வரை பராமரிக்கும் பொறுப்பு என விளக்கப்பட்டது. பக்குவம் வந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பவரும் பராமரிப்பவரே. ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி கூரோ இறுதி எச்சரிக்கை விடுத்தார். பைஸல் பணிந்தார், பணிந்தும் பயனில்லை. ஜூலை 24 ஆம் நாள் மைசலூன் கணவாயில், போர் அமைச்சர் யூசுப் அல்-அஸ்மா, தோல்வி உறுதி என்று தெரிந்தும் எதிர்த்து நின்று உயிர் துறந்தார். மன்னர் ஹைபா வழியாக ஐரோப்பா சென்றார்; நாடும் இல்லை, சிம்மாசனமும் இல்லை.

அதே கோடைகாலத்தில் ஈராக் கொழுந்துவிட்டெரிந்தது. போரின்போது ஈராக்கைக் கைப்பற்றிய படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். போருக்குப் பின் அங்கே புழங்கிய நாணயமும் இந்திய ரூபாயே. இந்தியாவை ஆண்டதைப் போலவே ஈராக்கையும் ஆண்டுவிடலாம் என்று எண்ணிய அதிகாரிகளுக்கு 1920 கிளர்ச்சி பதில் சொன்னது. ஷீயாக்களும் சுன்னிகளும், நகர மக்களும் நாட்டுப்புறக் குலங்களும் சேர்ந்து எழுந்தார்கள். அதை அடக்கப் பிரித்தானியாவுக்கு ஏறத்தாழ 4 கோடி பவுண் செலவானதாகக் கணக்கிடப்பட்டது. செலவைக் குறைக்க வேண்டும். ஆனால் பிடி தளரவும் கூடாது. இந்தக் கணக்குக்கு விடை காண்பதற்காகக் குடியேற்ற நாட்டு அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் 1921 மார்ச்சில் கெய்ரோவில் மாநாடு கூட்டினார். அங்கே அமர்ந்திருந்த நிபுணர் கூட்டத்தில் ஈராக்கியர் இருவர் மாத்திரமே. அவர்கள் கண்ட விடை: தரையில் படையைக் குறைத்து வானில் விமானப் படையை நிறுத்துவது, முன்னே ஓர் அறபு மன்னரை அமர்த்துவது. மன்னர் யார்? வேலையிழந்திருந்த பைஸல்.

ஆனால் ஈராக்கில் அப்பதவியை விரும்பிய சொந்த மண்ணின் மனிதர் ஒருவர் இருந்தார். பஸ்ராவின் செல்வாக்கு மிக்க குடும்பத்தவரும், உஸ்மானியப் பாராளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினரும், அப்போதைய இடைக்கால அரசாங்கத்தின் உள்நாட்டு அமைச்சருமான செய்யித் தாலிப், ஈராக் ஈராக்கியருக்கே என்று முழங்கிவந்தார். முரட்டுத்தனமும் வன்முறையும் கலந்த அரசியலுக்குப் பேர்பெற்றவர் அவர். எனினும் தம் நாட்டுக்கு வெளியே பிறந்த ஒருவரை வெளிநாட்டார் மன்னராக்குவதை எதிர்ப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு விருந்தில், பிரித்தானியர் ஒருதலைப்பட்சமாக நடந்தால் ஆயுதம் தாங்கிய குலங்கள் பதில் சொல்லும் என்ற பொருளில் அவர் எச்சரித்தார். சில நாட்களில், உயர் ஆணையாளர் சேர் பேர்சி கொக்ஸின் இல்லத்தில் தேநீர் அருந்த அழைக்கப்பட்டு, தேநீர் முடிந்து வெளியேறும்போது கைது செய்யப்பட்டார். அவரைப் பஸ்ரா வழியாகக் கப்பலேற்றி அனுப்பிய இடம் எது? உறாபியை அனுப்பிய அதே இலங்கை.

உறாபி பேரரசை எதிர்த்ததால் இங்கு வந்தார்; செய்யித் தாலிப் பேரரசின் தெரிவை எதிர்த்ததால் இங்கு வந்தார். எதிர்த்தவருக்குத் தீவு, இணங்கியவருக்குச் சிம்மாசனம் என்று ஏகாதிபத்தியத்தின் நீதி நடந்தது. இந்த உண்மையைப் பைஸல் அறியாதவரல்லர். தமக்குக் கிடைத்தது இரவல் சிம்மாசனம் என்பதை அவர் தம் பகைவரைவிட நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு, அதன் பின்வந்த பன்னிரண்டு ஆண்டுகளே சான்று.

96 வீதமானோர் ஆதரித்தார்கள் என்று அறிவிக்கப்பட்ட ஒரு வாக்கெடுப்பின் பின், 1921 ஆகஸ்ட் 23 ஆம் நாள் அதிகாலை பக்தாதில் முடிசூட்டு விழா நடந்தது. அந்நாள் ஷீயாக்கள் போற்றும் கதீர் பெருநாளுடன் பொருந்துமாறு தெரிவு செய்யப்பட்டது. சுன்னி மன்னர் ஒருவர் பெரும்பான்மை ஷீயா மக்களை நோக்கி நீட்டிய கை அது. அதே விழாவில், நாட்டுக்கென்று தேசிய கீதம் இல்லாமையால், வாத்தியக் குழு இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தை இசைத்தது. பைஸலின் ஆட்சி முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த இழுபறியே.

ஓராண்டு செல்லுமுன் அந்த இழுபறி பகிரங்கமாயிற்று. பிரித்தானியா முன்வைத்த உடன்படிக்கையை எதிர்த்த தேசியவாதிகளுக்கு மன்னர் மறைமுகமாக இடமளித்தார். ஆண்டு நிறைவு விழாவில் அரண்மனைக்கு வந்த கொக்ஸுக்கு எதிராக முழக்கம் எழுந்தது. அந்நேரம் பார்த்து மன்னருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு அறுவைச் சிகிச்சை நடக்கவே, கொக்ஸ் ஆட்சியைத் தம் கையில் எடுத்து, கட்சிகளைத் தடைசெய்து, தலைவர்களை நாடுகடத்தினார். எழுந்து நடமாடத் தொடங்கிய மன்னருக்கு முன் இரண்டு வழிகள்: அச்செயல்களை ஏற்றுக் கையொப்பமிடுவது, அல்லது டமஸ்கஸில் இழந்ததுபோல் மீண்டும் எல்லாவற்றையும் இழப்பது. அவர் கையொப்பமிட்டார். 1922 ஒக்டோபரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 1924 ஜூனில் அதனை உறுதிப்படுத்துவதற்காக அரசியலமைப்புச் சபை நள்ளிரவுக்குச் சற்று முன் கூட்டப்பட்டபோது, வருகை தந்த 69 பேரில் 37 பேரே ஆதரித்தனர்.

கிடைப்பதை வாங்கு, வாங்கியபின் மிச்சத்தைக் கேள்: இதுவே பைஸலின் அரசியல் முறையாக அறியப்பட்டது. 1925 இல் யாப்பு வந்தது. மொசூல் மாகாணத்தைத் துருக்கி கோரியபோது, நாடுகளின் சங்கம் எனப்பட்ட உலக அமைப்பு அதனை ஈராக்குக்கே வழங்கியது. அதற்கு விலையாக எண்ணெய் அகழும் உரிமை அந்நியக் கம்பெனிக்குச் சென்றது. 1927 ஒக்டோபரில் கிர்க்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டபோதுதான் அந்த விலையின் முழு அளவும் நாட்டுக்குத் தெரிந்தது. இம்முறை எல்லோருக்கும் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. மக்கள் சேவையை எதிர்பார்க்கிறார்கள், ஆங்கிலேயர் இணங்குவதில்லை என்று மகனுக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டு, பிரதமர் அப்துல் முஹ்சின் அல்-சஅதூன் 1929 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். இடையில் நின்று பேரம் பேசுவோர் செலுத்திய விலையும் சிறிதன்று.

1930 இல் கையெழுத்தான புதிய உடன்படிக்கை, ஈராக்குக்குச் சுதந்திரத்தையும் பிரித்தானியாவுக்கு விமானத் தளங்களையும் ஒருங்கே உறுதிசெய்தது. 1932 ஒக்டோபர் 3 ஆம் நாள் ஈராக் நாடுகளின் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றது. பொறுப்பாட்சியிலிருந்து விடுபட்ட முதல் நாடு அதுவே. இந்திய ரூபாய் போய் ஈராக்கின் சொந்த தினார் வந்ததும் அவ்வாண்டிலேயே. தளங்களை விட்டுக்கொடுத்துப் பெற்ற சுதந்திரம் என்ன சுதந்திரம் என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாகரை கடந்து வடக்கே திருகோணமலையைப் பார்த்தால் போதும். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் கையிலேயே இருந்தன. பைஸல் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகச் செய்த பேரத்தையே இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவும் செய்தார்; ஒருவரைக் கைக்கூலி என்போர் மற்றவரை என்னவென்பார்கள்?

இன்னுமோர் ஒப்பீடும் இங்கே உரியது. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் இலங்கையில் ஆண்களும் பெண்களும் சர்வஜன வாக்குரிமையுடன் அரசாங்க சபைக்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். மட்டக்களப்புத் தெற்கிலிருந்து மாக்கான் மாக்கார் தெரிவாகி அமைச்சருமானார். வாவியின் இரு கரைகளிலும் வயல் வெட்டிய கூலியாளுக்கும் நிலவுடைமையாளரான போடியாருக்கும் ஆளுக்கொரு வாக்கு. இலங்கைக்குச் சுதந்திரம் இல்லை, வாக்கு இருந்தது. ஈராக்குக்குச் சுதந்திரம் வந்தது. ஆனால் அங்கே பெண்களுக்கு வாக்கில்லை, ஆண்களும் இடைநிலைத் தெரிவாளர் மூலமே பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தார்கள், கிராமப்புறங்களில் அந்தத் தெரிவு பெரும்பாலும் குலத் தலைவரான ஷேக்கின் சொற்படியே நடந்தது. நிலமும் நீரும் யார் கையில் இருந்தனவோ அவர் கையிலேயே வாக்கும் இருந்தது. பைஸல் ஷேக்குகளின் பிடியை உடைக்க முயலவில்லை. அவர்களை அணைத்துக்கொண்டே ஆண்டார். அவருடைய தேசியம் எட்டாத எல்லை இதுதான்.

எனினும், தம் நாடு எதனால் ஆனது என்பதை அவரைப்போல் கூர்மையாகக் கண்டவர் அரிது. அறபியர், குர்தியர், துருக்மேனியர், சுன்னிகள், ஷீயாக்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் எனப் பலரும் கலந்து வாழ்ந்த அந்நாட்டில், முடிசூடுவதற்கு முன்னரே பக்தாதின் யூத சமூகத்தார் முன் பேசும்போது, முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற பிரிவுகளுக்கு இடமில்லை, ஈராக் என்ற ஒன்றே உண்டு என்று அவர் அறிவித்தார். அவருடைய முதல் நிதியமைச்சர் சசூன் எஸ்கெல் என்னும் யூதர். ஆனால் 1932 இல் தம் அமைச்சர்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் அந்தரங்கமாகச் சுற்றுக்கு விட்ட குறிப்பொன்றில், ஈராக்கிய மக்கள் என்று சொல்லத்தக்க ஒரு மக்கள் கூட்டம் இன்னும் உருவாகவில்லை என்று மனம் நொந்து எழுதினார். ஷீயாக்கள் தமக்குச் சாவும் வரியும், சுன்னிகளுக்குப் பதவி என்று கருதுவதை மறைக்காமல் எடுத்துரைத்தார். அரசிடம் 15,000 துப்பாக்கிகள், மக்களிடமோ ஓர் இலட்சத்துக்கு மேல் என்ற கணக்கையும் அதில் வைத்தார். தம் நாட்டின் பலவீனத்தை இவ்வளவு வெளிப்படையாகத் தம் கையாலேயே எழுதிவைத்த மன்னர் எத்தனை பேர்? தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒருவரையொருவர் இழந்தும் கண்ட இந்த வாவிக்கரை மக்களுக்கு, அக்குறிப்பின் வேதனையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த வேதனை விரைவிலேயே இரத்தமாயிற்று. 1933 கோடைகாலத்தில் மன்னர் லண்டனில் அரசுமுறை வரவேற்புகளில் இருந்தபோது, வடக்கே அசீரியக் கிறிஸ்தவர்களுடன் மோதல் மூண்டது. உடல் நலிந்த நிலையில் அவர் நாடு திரும்பினார். நிதானம் காக்க வேண்டும் என்ற அவருடைய சொல்லைக் கேட்பாரில்லை. ஆகஸ்ட் மாதத்தில் சிமேலி என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிராயுதபாணிகளான நூற்றுக்கணக்கான அசீரியர் கொல்லப்பட்டனர். அப்பகுதியில் படை நடத்திய தளபதி பக்ர் சித்கிக்கு நகரங்களில் வெற்றி வீரருக்குரிய வரவேற்பு நடந்தது. அனைவருக்கும் பொதுவான ஒரு தேசத்தை வளர்க்க முயன்ற மன்னரின் கண்முன்னேயே, சிறுபான்மையினரைக் கொன்றதைத் தேசத்தின் வெற்றியாகக் கொண்டாடும் மற்றொரு தேசியம் தெருவில் இறங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் சிகிச்சைக்காகச் சுவிற்சர்லாந்து சென்ற பைஸல், அதே மாதம் 8 ஆம் நாள் பேர்ன் நகரில் மாரடைப்பால் காலமானார். அவருடைய உடல் கப்பலில் ஹைபாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெருந்திரளான மக்கள் அஞ்சலி செலுத்தியபின், விமானத்தில் பக்தாத் சென்றடைந்தது.

இருபத்தொரு வயது மைந்தர் காஸி அரியணை ஏறினார். தந்தையின் பொறுமையும் பேரம் பேசும் திறனும் அவருக்கு வாய்க்கவில்லை. 1936 ஒக்டோபர் 29 ஆம் நாள், பக்ர் சித்கி தம் படையுடன் பக்தாதை நோக்கிப் புறப்பட்டு அரசாங்கத்தைக் கவிழ்த்தார். நவீன அறபு உலகின் முதலாவது இராணுவச் சதிப்புரட்சி அது. அப்படையைத் தடுத்துப் பேசுவதற்காக மன்னரின் கடிதத்துடன் எதிரே சென்றவர், பாலைவனப் போரில் பைஸலுடன் நின்றவரும் ஈராக்கியப் படையையே உருவாக்கியவருமான ஜஅபர் அல்-அஸ்கரி. அவரை வழியிலேயே சுட்டுக் கொன்றார்கள்.